எட்டு எண்ணும் வரை

சினிமாப் பிலிமுக்கு ஒரு வாசனை உண்டு. கற்பூரத்தோடு கொஞ்சம் புளிப்பைச் சேர்த்தாற்போல இருக்கும். மூடி வைத்த டப்பாவைத் திறந்ததும் மூக்கில் சுருக்கென்று ஏறி, அப்புறம் விரல்களில் ஒட்டிக்கொண்டு, எத்தனை தரம் கை கழுவினாலும் சாப்பாட்டு வேளை வரைக்கும் போகாது. அந்த வாசனையை நான் முதன்முதலில் அறிந்தது என் சித்தப்பாவின் சட்டைப் பையில். மதுரைக்குப் பேசும்படம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன, யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. ரயில்வே ஸ்டேஷனை அடுத்த கொட்டகை ஒன்றில் சித்தப்பா 'ஆப்பரேட்டர்' வேலை பார்த்தார். அவருடைய அண்ணனான என் அப்பாவோ மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறவர், சினிமாக் கொட்டகையைத் தாண்டிப் போக நேர்ந்தால் முகத்தை எதிர்ச்சாரிக்குத் திருப்பிக்கொள்கிறவர். ஆகையால் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வருவதெல்லாம் அப்பா இல்லாத நேரம் பார்த்துத்தான்.

வரும்போது எனக்குப் பிலிம் துண்டு கொண்டுவருவார். படம் ஓடிக்கொண்டிருக்கையில் பிலிம் அறுந்துபோனால் கிழிந்த ஓரங்களை வெட்டி எறிந்துவிட்டு மீதியை ஒட்டி ஓட்டுவார்கள். அப்படி வெட்டி எறிந்தவற்றில் தபால் தலை அளவுக்கு இரண்டு படமோ மூன்று படமோ ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை ஒரு பழைய கோகோ டப்பாவில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். அம்மாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டாள்.

பத்து வயசு எனக்கு. ஒரு சினிமாகூடப் பார்த்தது கிடையாது. ஆனாலும் தெற்கு மாசி வீதியை ஒட்டிய எங்கள் சந்தில் சினிமாவுக்கு நான்தான் சொந்தக்காரி என்று ஒரு நினைப்பு எனக்கு. இந்த நினைப்பு இருந்ததனால்தான் பின்னால் அத்தனையும் நடந்தது. படிக்கிறவர்கள் இதைச் சிநேகிதத்தைப் பற்றிய கட்டுரை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பொறாமையைப் பற்றித்தான் எழுதுகிறேன், அதுவும் என்னுடைய பொறாமையை.

சுபைதா எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருந்தாள். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. அவளுடைய அத்தாவை, அதாவது அப்பாவை, சந்தில் எல்லோரும் 'கண்ணாடிக்கடை ராவுத்தர்' என்பார்கள். படத்துக்குச் சட்டம் போடுவது, முகம் பார்க்கும் கண்ணாடி வெட்டித் தருவது அவர் தொழில். கடைக்குப் பின்னால் சாமான் போட்டு வைக்கும் இருட்டறை ஒன்று இருந்தது. அதன் கதவில் அரையணாக் காசு அளவுக்கு ஓர் ஓட்டை. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குச் சந்தில் வெயில் விழும். வெளியே ஒரு கண்ணாடித் துண்டைச் சாய்த்து வைத்தால் அந்த வெயில் ஓட்டை வழியாக உள்ளே கம்பி மாதிரி பாயும். அந்த வெளிச்சத்தில் பிலிமைப் பிடித்து, பிலிமுக்கு முன்னால் தண்ணீர் நிரப்பிய பல்பு ஒன்றை வைத்தால், எதிரே கட்டிய வேட்டியில் படம் பெரிதாக விழும். தலைகீழாகத்தான் விழும், ஆகவே பிலிமைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். கருகிப்போன பல்பைச் சித்தப்பா கொடுத்தார். கண்ணாடி, அறை, வேட்டி மூன்றும் சுபைதாவுடையவை, பிலிம் என்னுடையது. அப்படித்தான் எங்கள் 'பயாஸ்கோப்பு' ஆரம்பமாயிற்று.

படம் மங்கலாக இருக்கிறதென்று சுபைதாதான் கடையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி எடுத்துவந்து, வெயிலைக் குவித்துப் பிலிமின்மேல் விழவிட்டாள். படம் பளிச்சென்று வந்தது. வந்த கையோடு, வேட்டியில் நின்ற யானையின் வயிற்றில் பழுப்பாக ஒரு புள்ளி தோன்றிப் பரவ ஆரம்பித்தது. அலறிக்கொண்டு பிலிமைப் பிடுங்கினோம். விஷயத்தைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. அந்தக் காலத்துப் பிலிம் நெருப்புப் பட்டால் குபீரென்று பிடித்துக்கொள்ளும், நான் அதை அடுப்பங்கரையில் ஒளித்து வைத்திருந்தேன், நாங்கள் அதன்மேல் வெயிலைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தோம். விட்டுவிடச் சொன்னார். நாங்கள் விடவில்லை. எட்டு எண்ணும் வரைதான் ஒரு பிலிம் தாங்கும், ஒன்பதில் நெளியும், பத்தில் பழுக்கும் என்று கணக்குக் கண்டுபிடித்து, எட்டுக்குள் எடுத்துவிடுவதென்று சட்டம் போட்டுக்கொண்டோம். ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக வெட்டி, நடுவே சதுர ஓட்டை போட்ட அட்டையில் ஒட்டி, விரல் சுடாமல் மாற்றுவதற்குச் சுபைதா வழி செய்தாள்.

முதல் இரண்டு மாதம் ராஜ்யம் என்னுடையது. அவள் அட்டை மாற்றுவாள், நான் வேட்டிக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லுவேன். கதை என்ன கதை, "இது ராஜா, இது ராஜாவோட குதிரை, இது கோபுரம், இது ஆடுறவ" என்று அட்டைக்கு ஓர் அறிவிப்பு, அதோடு அட்டை எரிந்துவிடக் கூடாதே என்று ஒன்று, இரண்டு என எட்டு வரை உரக்க எண்ணுவேன். சந்துப் பிள்ளைகளும் கூடச் சேர்ந்து எண்ணும். என்னுடைய குரல்தான் படத்துக்கு உயிர் என்று மனசார நம்பினேன்.

ஒரு சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல். டப்பாவைச் சுபைதாவிடம் கொடுத்தனுப்பினேன். அடுத்த வாரம் நான் வேட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமியதும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் ஒருத்தி, "எஸ்தரக்கா, நீங்க பேசாம இருங்க. போன வாரம் மாதிரி சுபைதாக்கா மட்டும் காட்டட்டும்" என்றாள். வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். மற்ற பிள்ளைகள் சிரிக்கக்கூட இல்லை. எல்லோரும் அதையே நினைத்துக்கொண்டிருந்ததால் சிரிக்க ஒன்றும் இல்லை. என் முகத்தில் ஈயாடவில்லை.

அன்று சாயங்காலமே டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். சண்டை போடவில்லை, அம்மா கேட்கிறாள் என்று ஒரு பொய் சொன்னேன். முழுக்க எடுத்துக்கொண்டால் கெட்ட பெயர் வருமே என்று, எனக்கு வேண்டாத ஐந்து அட்டைகளை அவளுக்கு விட்டுவைத்தேன். ஒன்றில் மூடிய கதவு. ஒன்றில் ஒரு பெண்ணின் முகம், அதுவும் நேரே பார்க்காமல் பக்கவாட்டில் எதையோ பார்க்கிற முகம். ஒன்றில் வளையல் போட்ட கை. ஒன்றில் மாடிப்படியில் ஓர் ஆணின் இரண்டு கால்கள், ஆள் இல்லை. கடைசியில் அதே கதவு பாதி திறந்து, உள்ளே இருட்டு. ராஜாவும் இல்லை, யானையும் இல்லை. இதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்துவிடப் போகிறாள் என்று எண்ணினேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவளுக்கு வழி சொல்லிக் கொடுத்ததும் நான்தான். சித்தப்பா ஒருநாள் அம்மாவிடம் பேச்சுவாக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். பிலிமைக் கையில் சுற்றும்போதே படம் எந்த இடத்தில் இருக்கிறதென்று அவருக்குத் தெரிந்துவிடுமாம். காதல் பாட்டு என்றால் ஒரே காட்சி முழம் முழமாக வருமாம். கொலைகாரன் நெருங்கி வருகிற இடம் என்றால் முகம் ஒரு சாண், கத்தி ஒரு சாண், மறுபடி முகம் நாலு விரற்கடை என்று துண்டு துண்டாக மாறி, ஆபத்து நெருங்க நெருங்கத் துண்டும் சிறுத்துக்கொண்டே போகுமாம். நான் இதைப் பெருமைக்காகச் சுபைதாவிடம் ஒப்பித்தேன். எனக்கு அது ஒரு செய்தி, அவ்வளவுதான். அவள் அதைக் கேட்டுக்கொண்டு, "முதல்ல முழம், அப்புறம் சாண், அப்புறம் விரற்கடையா?" என்று ஒருமுறை கேட்டாள்.

எங்கள் வீட்டு விறகு அறையில், சித்தப்பா கொடுத்த இன்னொரு பல்பையும் அம்மாவின் முகக் கண்ணாடியையும் வைத்து நான் தனிக் கொட்டகை போட்டேன். அப்பா சனிக்கிழமைகளில் பிரசங்கத்துக்காகக் கிராமங்களுக்குப் போய்விடுவார். என்னிடம் நாற்பது அட்டை இருந்தது. முதல் வாரம் பதினோரு பிள்ளைகள் வந்தார்கள், அடுத்த வாரம் ஆறு, அதற்கடுத்த வாரம் என் தம்பியும் அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் குழந்தையும். ராஜாவுக்கு நான் எட்டு எண்ணுகையில் தம்பி வாய் நிறையக் கொட்டாவி விட்டான். நான்கு வீடு தள்ளி, இருட்டறைக்குள்ளிருந்து, முப்பது பேர் ஒன்றாக மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. என் வயிறு எரிந்தது என்று சொன்னால் அது வெறும் பேச்சுக்காக இல்லை. நெஞ்சுக்குக் கீழே உண்மையாகவே சுட்டது.

அதைவிடப் பெரிய அடி வேறொன்று. அந்த வாரம் அம்மாவைத் தேடிக்கொண்டு பின்கட்டுக்குப் போனால் அம்மா இல்லை. முறத்தில் பாதி புடைத்த அரிசி அப்படியே கிடந்தது. என் விறகு அறைக்கு ஒருநாள்கூட எட்டிப் பார்க்காத என் அம்மா, சுபைதா வீட்டிலிருந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அந்தக் கதவு தொறந்துச்சு பாரு, எனக்கு வயித்துக்குள்ள என்னமோ பண்ணிருச்சு" என்றாள் என்னிடமே.

அந்த அட்டையை நான்தான் குப்பை என்று ஒதுக்கிக் கொடுத்தேன் என்று சொல்ல நினைத்தேன். அப்படி என்னதான் காட்டுகிறாள் என்று பார்த்துவிடுவதென்று மறுவாரம் நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. முதலில் அந்தப் பெண்ணின் முகத்தைக் காட்டி ஏழெட்டு எண்ணுகிற நேரம் விட்டாள். பிறகு மூடிய கதவு. மறுபடியும் முகம், இப்போது அவள் அந்தக் கதவைத்தான் பார்க்கிறாள் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது, யாரும் சொல்லாமலே. பிறகு படியில் கால்கள். முகம். கதவு. கால்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் குறைந்தது, எட்டு ஆறாயிற்று, ஆறு நான்காயிற்று, கடைசியில் கண்ணிமைக்கிற நேரத்துக்கு ஒன்றாக மாறியது. அசையாத கால்கள் படியேறி வந்துகொண்டிருந்தன. வளையல் கை தாழ்ப்பாளைத் தேடுகிற கையாகிவிட்டது. அப்புறம் திடீரென்று மூடிய கதவு மட்டும் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. நான் இரண்டு மாதம் கத்திக் கத்தி எண்ணியதில் எட்டு எண்ணுவதற்குள் எடுக்காவிட்டால் எரிந்துவிடும் என்று அத்தனை பிள்ளைகளுக்கும் பழக்கமாகியிருந்தது; இப்போது ஒவ்வொருத்தரும் மனசுக்குள் எண்ணுகிறார்கள் என்பது இருட்டில் தெரிந்தது. ஏழு வரை பொறுத்து, எட்டுக்கு முன்னால், திறந்த கதவைப் போட்டாள். எனக்கும் மூச்சு நின்றது. என்னுடைய பிலிம், என் சித்தப்பா சொன்ன சங்கதி, என்னுடைய எட்டு. மூன்றையும் எடுத்து அவள் இப்படி ஒன்றைச் செய்துவிட்டாளே என்று வந்த ஆத்திரத்தில், கைதட்டிய பிள்ளைகளுக்கு நடுவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் திறந்த கதவு போய்விட்டால் அவளால் ஒன்றும் செய்ய முடியாது என்று அன்றைக்கே கணக்குப் போட்டுவிட்டேன். கதவு திறக்காமல் படத்தை எப்படி முடிப்பாள்? பாதியில் நின்று முழிப்பாள், பிள்ளைகள் சிரிப்பார்கள், எல்லாம் என் விறகு அறைக்குத் திரும்பி வரும். புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அத்தா அசர் தொழுகைக்குப் போயிருந்தார், கடையில் யாரும் இல்லை. சுபைதா சந்தோஷமாக வரவேற்றாள். இவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று ஒரு சந்தேகமும் இல்லாமல், சேமியா இருக்கிறது எடுத்துவருகிறேன் என்று உள்ளே போனாள். சட்டம் போட வந்த படங்களுக்கு நடுவே அட்டைப் பெட்டி இருந்தது. வாசற்படிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, பெட்டியைத் திறந்து, திறந்த கதவை எடுத்துப் பாவாடை இடுப்பில் சொருகிக்கொண்டேன். அவள் கிண்ணத்தோடு வந்தாள். சேமியாவை முழுக்கத் தின்றுவிட்டுத்தான் வந்தேன்.

சனிக்கிழமை கூட்டம் அறையை மீறி வாசலில் நின்றது. அம்மாவும் வந்திருந்தாள். வீட்டில் எங்கே வைத்தாலும் அம்மா கண்டுபிடித்துவிடுவாளென்று அட்டையை நான் இடுப்பிலேயே வைத்திருந்தேன். உட்கார்ந்தால் அதன் முனை குத்தியது. ஆரம்பத்தில் எல்லாம் எப்போதும் போல நடந்தது. முகம், கதவு, கால்கள், கை. முழம் சாணாகி, சாண் விரற்கடையாகி, மூடிய கதவு வந்து நின்றது. பூதக்கண்ணாடியில் பட்டுச் சிதறிய வெளிச்சத்தில் சுபைதாவின் இடது கை பெட்டிக்குள் துழாவுவது எனக்குத் தெரிந்தது. துழாவிய கை நின்றது. அவள் தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

ஆறு. ஏழு. எட்டு.

கதவை அவள் எடுக்கவில்லை. ஒன்பதென்று யாரோ வாய்விட்டுச் சொன்னார்கள். அறையில் ஒருத்தரும் அசையவில்லை, அத்தனை பேரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்துக்கு முன்பே கதவின் நடுவில் பழுப்பாக ஒரு புள்ளி தோன்றிற்று. அது விரிந்தது, ஓரமெல்லாம் கொப்பளித்தது, நடுவே வெள்ளையாக ஓர் ஓட்டை விழுந்து வெளிச்சம் வேட்டியின்மேல் பாய்ந்தது. "தொறந்துருச்சு" என்று ஒரு பிள்ளை கத்தியது. அதோடு குபீரென்று ஒரு சுவாலை, கற்பூர நெடி, சுபைதா கையை உதறுகிற சத்தம். அம்மாதான் முதலில் எழுந்து ஓடிப்போய், பல்பை உடைத்து அதிலிருந்த தண்ணீரையே அவள் கையில் ஊற்றினாள்.

இரண்டு விரல்களில் கொப்புளம், அவ்வளவுதான். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ராவுத்தர் பூதக்கண்ணாடியைக் கடைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார், இருட்டறைக் கதவின் ஓட்டையைப் பலகை வைத்து அடித்துவிட்டார். விஷயம் அப்பாவுக்குப் போயிற்று. அவர் சத்தம் போடவில்லை. கோகோ டப்பாவை எடுத்துக்கொண்டு போய் வைகை மணலில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார். சித்தப்பா அப்புறம் வெகுநாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவள் கொட்டகையை மூடப் போய் என் கொட்டகையும் மூடியது. மிஞ்சியது என் இடுப்பில் இருந்த ஓர் அட்டை.

இத்தனைக்குப் பிறகும் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. காரணம், சந்து முழுக்க அந்தக் கடைசி ஆட்டத்தைப் பற்றியே பேச்சு. கதவு தானாகவே எரிந்து திறந்ததாம். உள்ளே ஒரு உருவம் தெரிந்ததாம். ஒருத்தி அது பெண் என்றாள், ஒருத்தி பேய் என்றாள். கிணற்றடியில் அம்மாகூட அதைக் கையை ஆட்டி ஆட்டி விவரித்துக்கொண்டிருந்தாள். நான் அட்டையைத் திருடாவிட்டால் அந்த முடிவு வந்திருக்காது. அவளைக் கவிழ்க்க நான் செய்த காரியத்திலும் அவளே பெயர் வாங்கிக்கொண்டாள் என்று எண்ணி, அந்த நெருப்பின்மேலும் பொறாமைப்பட்டேன்.

ஐந்து வருஷம் அந்த அட்டை என் வேதாகமத்தில் சங்கீதப் பக்கங்களுக்கு நடுவே இருந்தது. நானும் சுபைதாவும் பேசாமல் இல்லை. பள்ளிக்கூடம் போனோம், வந்தோம், புளியங்காய் தின்றோம். அவளைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிவிடலாமென்று தோன்றும், அவள் அந்தப் பேச்சை எடுப்பாள் என்று காத்திருப்பேன். அவள் எடுக்கவே மாட்டாள். பிறகு அவளுக்குக் கம்பத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். நிக்காஹுக்கு முதல்நாள் பகலில், கை நிறைய மருதாணியோடு அவள் கடைக்குள் தனியாக உட்கார்ந்திருந்தபோது, அட்டையைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன்.

"இது உன்னோடது" என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"வந்துட்டியா. ஊருக்குப் போறவரைக்கும் வரமாட்டியோன்னுல இருந்தேன்."

"தெரியுமா உனக்கு?"

"கண்ணாடிக் கடையில நின்னு எடுத்தா தெரியாதாடி?" மருதாணிக் கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினாள். சுற்றிலும் கண்ணாடி. நூறு தரம் வந்துபோன கடை. அந்தக் கண்ணாடிகள் எனக்குச் சுவராகவே பழகிப்போயிருந்தன. "சேமியாக் கிண்ணத்தோட வாசல்ல நிக்கிறேன். ஏழு எஸ்தரு இடுப்புல சொருகுறாளுக."

அப்படியென்றால் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவியது? அது சும்மா என்றாள். அட்டை அங்கே இல்லை என்று புதன்கிழமையிலிருந்தே தெரியுமாம். அம்புட்டு நேரம் வைத்தால் எரிந்துவிடும் என்று தெரியாதா, எதற்காக எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். அவள் அந்த இரண்டு விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருதாணி அந்த இடத்தில் மட்டும் சரியாகப் பிடிக்காமல் வெளுப்பாக இருந்தது.

"எட்டுல நீ எந்திரிச்சு வந்து குடுத்துருவன்னு நினைச்சேன்" என்றாள். "ஒன்பதுலயும் நினைச்சேன்."

அட்டையை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "தொறந்த கதவை வச்சு நான் என்ன செய்யப் போறேன், நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து அழுதேன். அழுகைக்கு நடுவிலும் எனக்குள் தோன்றியதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்: முப்பது பேரை உட்கார வைத்துக்கொண்டு ஒரே ஒருத்திக்காக ஓர் ஆட்டம் நடத்த அவளால் முடிந்திருக்கிறதே, எனக்கு அது ஏன் வரவில்லை என்றுதான் முதலில் தோன்றிற்று.

அதற்குப் பிறகு இரண்டு முறைதான் அவளைப் பார்த்தேன், இரண்டும் கலியாண வீடுகளில், பேச நேரமில்லாமல். அவள் காலமான செய்தி பல நாள் கழித்துத்தான் எனக்கு வந்தது. எனக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது, கோச்சடையில் மகள் வீட்டில் இருக்கிறேன். சித்தப்பா வேலை பார்த்த கொட்டகை ஜவுளிக் கடையாகிவிட்டது, ராவுத்தர் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். படங்களுக்கு இப்போது பிலிமே கிடையாதாம், எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே வெட்டி ஒட்டிவிடுகிறார்களாம். அன்றைக்கு டிவியில் ஓர் இளைஞர், எடிட்டராம், திகில் படத்தில் ஒரு ஷாட்டை எப்போது வெட்ட வேண்டும், எவ்வளவு நேரம் வெட்டாமல் பிடித்துவைக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. இந்த முறை சுபைதாவுக்காக.

அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. பிலிம் பழுத்து, சுருங்கி, தேன் நிறமாகிவிட்டது. கதவும் இல்லை, அதன் இருட்டும் இல்லை, வாசனைகூடப் போய்விட்டது. சனிக்கிழமை மூன்று மணிக்கு என் அறை ஜன்னலில் வெயில் வரும். சில சமயம் அட்டையை அதற்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். எட்டு வரைக்கும் எண்ணுவேன். ஒன்பதை எண்ண எனக்கு இன்னும் வாய் வரவில்லை.